ஐசியூவில் 15, துப்புரவில் 35: ஆஸ்பத்திரிக்குள் கோவிட் யாரைப் பிடித்தது?

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தில் பொதுமுடக்கம் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றும் மறுநாளும் பர்மிங்காமின் அரசு மருத்துவமனைகளில் டூட்டிக்கு வந்திருந்த ஊழியர்களில் ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்கு மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். கையில் கொஞ்சம் ரத்தமும் எடுத்தார்கள். யாருக்கும் காய்ச்சலோ இருமலோ கிடையாது. இருந்தால் வேலைக்கே வந்திருக்க மாட்டார்கள். மூக்கு மாதிரி கொடுத்த 545 பேரில் 13 பேரிடம் அன்றைக்கு வைரஸ் இருந்தது. அதாவது 2.4 சதவீதம். ரத்தம் சொன்ன கதை வேறு. சோதித்த 516 பேரில் 126 பேரிடம் ஆன்டிபாடி இருந்தது. வைரஸ் ஏற்கெனவே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். நான்கில் ஒருவர்.

எந்தப் பிரிவில் அதிகம் இருந்திருக்கும்? நீங்களே ஊகித்துப் பாருங்கள். கேட்டால் பெரும்பாலானோர் ஐசியூ என்பார்கள். வென்டிலேட்டரில் கிடக்கும் நோயாளி, தொண்டைக்குள் குழாய் இறக்கும் டாக்டர், விண்வெளி வீரர் மாதிரி உடுப்பு. டிவியில் நாம் பார்த்த கோவிட் அதுதான். ஆனால் ஐசியூ ஊழியர்களில் ஆன்டிபாடி இருந்தவர்கள் 14.8 சதவீதம்தான். அவசர சிகிச்சைப் பிரிவில் 13.3. பொது மருத்துவ வார்டுகளில் முப்பதைத் தாண்டியது. எல்லாருக்கும் மேலே, 34.5 சதவீதத்துடன் நின்றவர்கள் துப்புரவுப் பணியாளர்கள்.

இந்த ஒரு அட்டவணையைச் சரியாகப் புரிந்துகொண்டால், பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனை ஊழியர்களுக்குத் தொற்று எப்படி வருகிறது என்பதில் பாதி புரிந்துவிடும். கடுமையான நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் அதிக ஆபத்து என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. வைரஸின் கணக்கு அப்படி இல்லை. அது இருக்கிறது என்று யாரும் நினைக்காத இடத்தில், யாரும் தயாராக இல்லாத நேரத்தில் நின்றவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஐசியூவில் ஏன் குறைவு? முதலாவது, அங்கே நல்ல முகக்கவசம் முதலில் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது, உள்ளே படுத்திருப்பவருக்குக் கோவிட் என்பது எல்லாருக்கும் தெரியும்; யாரும் அசந்திருக்க மாட்டார்கள். மூன்றாவதுதான் அவ்வளவாகப் பேசப்படாதது. கோவிட் நோயாளி ஐசியூவுக்கு வருவது பெரும்பாலும் அறிகுறி தொடங்கி ஒரு வாரம், பத்து நாள் கழித்து. அதற்குள் அவர் மூக்கிலும் தொண்டையிலும் வைரஸின் ஆட்டம் பெரும்பாலும் தணிந்திருக்கும். அவரை மூச்சுத் திணற வைப்பது நுரையீரலில் மிஞ்சிய சேதமும் உடலின் சொந்த எதிர்வினையும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும் நோயாளி, பரப்புவதில் அடங்கிப்போனவராக இருக்கலாம். கேஷுவாலிட்டி வராண்டாவில் கால் முறிவுக்காக உட்கார்ந்திருக்கும், நாளை மறுநாள்தான் காய்ச்சல் வரப்போகும் ஒருவர், அவரைவிட அதிகமாகப் பரப்பிக்கொண்டிருக்கலாம்.

துப்புரவுப் பணியாளர் இந்த எல்லா இடத்துக்கும் போய் வருகிறார். ஒரு வார்டில் நிற்பதில்லை. மாப், வாளியுடன் வார்டு வார்டாகப் போகிறார். முகத்தில் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க். வீடு சின்னது, பஸ்ஸில்தான் வர வேண்டும். இதில் எவ்வளவு ஆஸ்பத்திரியில் ஒட்டியது, எவ்வளவு வீட்டிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் வந்தது என்று பர்மிங்காம் ஆய்வால் பிரிக்க முடியாது. அதே ஆய்வில் வெள்ளையரல்லாத ஊழியர்களுக்கு ஆபத்து அதிகமாகத் தெரிந்ததற்கும் இதே சிக்கல் உண்டு.

சரி, மொத்தத்தில் எத்தனை சதவீதம்? இதற்கு ஒரே பதில் கேட்பவர்கள் ஏமாந்து போவார்கள். ஏனென்றால் ஒரே சதவீதக் குறிக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

வூஹானின் ஜோங்னான் மருத்துவமனையிலிருந்து 2020 பிப்ரவரியில் ஒரு அறிக்கை வந்தது. அங்கே ஜனவரியில் சேர்ந்த 138 கோவிட் நோயாளிகளில் 40 பேர் மருத்துவ ஊழியர்கள், 29 சதவீதம். உலகமே திடுக்கிட்டது. அதே மாதம் சீன அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நாடு முழுக்க உறுதிசெய்யப்பட்ட 44,672 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. அதில் மருத்துவ ஊழியர்கள் 1,716, 3.8 சதவீதம். இரண்டில் எது சரி? இரண்டும் சரி. ஆனால் இரண்டுமே 'நோயாளிகளில் எத்தனை பேர் ஊழியர்கள்' என்ற கேள்விக்கான பதில். 'ஊழியர்களில் எத்தனை பேருக்கு நோய்' என்பது வேறு கேள்வி. முதல் எண் ஊழியர்களின் நிலைமையோடு ஊர் நிலைமையையும் சேர்த்துத்தான் காட்டும். ஊரில் யாருக்கும் டெஸ்ட் எடுக்காமல் ஆஸ்பத்திரியில் மட்டும் எடுத்தால் அது வானத்துக்கு எகிறும்; ஊர் முழுக்கப் பரவிவிட்டால் ஊழியர்கள் அதே அளவு பாதிக்கப்பட்டிருந்தாலும் சரிந்து விழும்.

டெஸ்ட் யாருக்குக் கிடைக்கிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. 2020 மார்ச், ஏப்ரலில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒரு செல்போன் செயலி மூலம் இருபது லட்சம் பொதுமக்களிடமும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் முன்களப் பணியாளர்களிடமும் விவரம் சேகரித்தார்கள். 'பாசிட்டிவ்' என்று சொன்னவர்கள் பணியாளர்களிடம் பொதுமக்களைவிட 11.6 மடங்கு அதிகம். தலைப்புச் செய்திக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த நாட்களில் டெஸ்ட் வரிசையில் முன்னால் நிறுத்தப்பட்டவர்களே மருத்துவ ஊழியர்கள்தான். அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தபோது 11.6 மடங்கு 3.4 மடங்கானது. அதுவும் சின்ன எண் அல்ல. மிச்சம் எல்லாம் டெஸ்ட் கிட்டின் வேலை.

மூன்றாவது வழி ரத்தம். காய்ச்சல் வந்ததோ இல்லையோ, டெஸ்ட் எடுத்தாரோ இல்லையோ, ஆன்டிபாடி உண்டா என்று பார்ப்பது. கோவிட்டில் இது ரொம்ப முக்கியம். 97 ஆய்வுகளை, அவற்றிலிருந்த இரண்டு லட்சத்து முப்பதாயிரம் மருத்துவ ஊழியர்களின் தகவல்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பில், பாசிட்டிவ் வந்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு அப்போது அறிகுறியே இல்லை. அவர்கள் முடியாமல் படுத்திருக்கவில்லை. ஷிப்டில் இருந்தார்கள்.

இந்த ரத்த ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் முதலில் தலை சுற்றும். ஸ்டாக்ஹோமின் டாண்டரிட் மருத்துவமனையில் 2,149 ஊழியர்களில் 19.1 சதவீதம். நியூயார்க்கில் ஒரு பெரிய மருத்துவமனைத் தொடரின் நாற்பதாயிரம் ஊழியர்களில் 13.7. டென்மார்க்கின் தலைநகர் வட்டாரத்தில் 28,792 பேரில் வெறும் 4.04. ஒரே வைரஸ், ஒரே வசந்த காலம், ஏறக்குறைய ஒரே மாதிரியான வசதிகள். பிறகு ஏன் இந்த ஏற்ற இறக்கம்?

ஊரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், குழப்பம் தெளியும். நியூயார்க் மாநிலத்தில் பொதுமக்களிடம் எடுத்த ஆய்வில் கிடைத்தது 14.0 சதவீதம்; ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் 13.7. டென்மார்க்கில் ரத்த தானம் செய்ய வந்தவர்களிடம் 3.04, ஊழியர்களிடம் 4.04. இந்தியாவில் 2020 டிசம்பர் கடைசியிலும் 2021 ஜனவரி தொடக்கத்திலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்திய மூன்றாவது தேசிய ஆய்வில் வயது வந்தவர்களிடம் 21.4, மருத்துவ ஊழியர்களிடம் 25.6. ஊர் எப்படியோ ஆஸ்பத்திரியும் அப்படி, சில இடங்களில் அதற்கு மேல் கொஞ்சம். மருத்துவமனை என்பது ஊருக்கு வெளியே மிதக்கும் தீவு அல்ல. அங்கே வேலை செய்பவர்கள் அதே ஊரில் காய்கறி வாங்குகிறவர்கள்.

லண்டனில் பார்ட்ஸ் மருத்துவமனையில் நடந்தது இதை இன்னும் கிட்டத்தில் காட்டுகிறது. 2020 மார்ச் 23, பொதுமுடக்கம் அறிவித்த அதே நாளில் தொடங்கி, அறிகுறி இல்லாத 400 ஊழியர்களுக்கு வாரம் ஒரு முறை சோதனை செய்தார்கள். முதல் வாரம் பாசிட்டிவ் 7.1 சதவீதம். அடுத்த வாரம் 4.9. அப்புறம் 1.5, மறுபடியும் 1.5, ஐந்தாவது வாரம் 1.1. லண்டன் வார்டுகள் நோயாளிகளால் நிரம்பி வழிந்தது ஏப்ரல் முதல் பாதியில்தான். வார்டு நிரம்ப நிரம்ப ஊழியர்களிடம் தொற்று இறங்கியிருக்கிறது. ஊர் கதவைச் சாத்தியதும் அவர்களுக்கும் குறைந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் உங்களுக்கு வந்தது வீட்டிலிருந்துதான், ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லை' என்று ஊழியரிடம் சொல்ல நிர்வாகங்களுக்கு ஆசை வரும். சொல்லவும் செய்தார்கள். அவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவமனைகளின் கணக்கையும் படிக்க வேண்டும். அங்கே பத்தாயிரம் ஊழியர்களைச் சோதித்ததில் மொத்தம் 11.2 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருந்தது. வீட்டில் ஒருவருக்கு உறுதியாகியிருந்தால்தான் ஆபத்து மிக அதிகம், உண்மை. ஆனால் கோவிட் வார்டுகளில் வேலை பார்த்தவர்களில் 22.6 சதவீதம், மற்ற இடங்களில் 8.6 சதவீதம் என்ற வித்தியாசத்தையும் அதே ஆய்வு பதிவுசெய்திருக்கிறது. பர்மிங்காமைப் போலவே அங்கும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களும் துப்புரவுப் பணியாளர்களும் மேலே நின்றார்கள்: 18.6 சதவீதம். ஆக வீடும் உண்டு, வார்டும் உண்டு. எந்த வார்டு, யாருக்கு என்ன மாஸ்க் என்பதுதான் கேள்வி.

2003இல் வந்த சார்ஸுக்கு ஒருமுறை போய் வந்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். உலகம் முழுக்க சார்ஸ் பிடித்தது 8,096 பேரை. அதில் 1,706 பேர் மருத்துவ ஊழியர்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல். கனடாவில் 43 சதவீதம். வியட்நாமில் 63 நோயாளிகளில் 36 பேர் ஊழியர்கள். ஹாங்காங்கின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையில் 8ஏ என்ற வார்டில் சாதாரண நிமோனியா என்று ஒருவரைச் சேர்த்தார்கள். மூச்சு சீராக நெபுலைசர் வைத்தார்கள். ஆஸ்துமாக்காரர் வீட்டில்கூட இருக்கும் அந்தக் கருவிதான். மருந்தைப் புகையாக்கி உள்ளே அனுப்பும். நோயாளி வெளியே விடும் மூச்சும் அறை முழுக்கப் பரவும். இரண்டே வாரத்தில் அங்கிருந்து கிளம்பிய தொற்றில் சேர்ந்தவர்கள் 138 பேர். அதில் 69 பேர் ஊழியர்கள், 16 பேர் ரவுண்ட்ஸ் வந்த மருத்துவ மாணவர்கள்.

சார்ஸ் வைரஸும் கோவிட் வைரஸும் ஒரே குடும்பம். ஆனால் நேரம் மாறியது. சார்ஸ் வந்தவர் அதிகமாகப் பரப்பியது நோயின் இரண்டாவது வாரத்தில், அதாவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போது. அதனால் சார்ஸ் ஆஸ்பத்திரி நோயாகவே இருந்தது. ஆஸ்பத்திரிகளை இறுக்கியதும் சில மாதங்களில் ஒழிந்தது. கோவிட் வந்தவர் அதிகமாகப் பரப்புவது அறிகுறி வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பும் வந்த முதல் சில நாட்களும். அப்போது அவர் எங்கே இருப்பார்? வீட்டில், பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில். அல்லது வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியின் வேறு வார்டில். வூஹானில் முதலில் எச்சரித்தவர்களில் ஒருவரான லீ வென்லியாங் கண் மருத்துவர். அவருக்குத் தொற்று வந்தது கண் அழுத்த நோய்க்காக வந்த ஒரு நோயாளியிடமிருந்து. அந்த நோயாளிக்கு அப்போது காய்ச்சல் இல்லை. 2020 பிப்ரவரி 7 அன்று லீ இறந்தார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் செயின்ட் அகஸ்டின்ஸ் மருத்துவமனையில் 2020 மார்ச், ஏப்ரலில் நடந்ததை வைரஸின் மரபணுவையும் வார்டு பதிவேடுகளையும் வைத்து ஆராய்ச்சியாளர்கள் பின்னோக்கித் தொடர்ந்து போனார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் அவசரப் பிரிவுக்கு வந்த ஒருவரிடமிருந்து தொடங்கியிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அங்கிருந்து வார்டுக்கு, வார்டிலிருந்து அடுத்த வார்டுக்கு, ஒரு டயாலிசிஸ் மையத்துக்கும், வெளியே ஒரு முதியோர் இல்லத்துக்கும். கடைசியில் 39 நோயாளிகள், 80 ஊழியர்கள். இத்தனையும் பெரும்பாலும் கோவிட் வார்டுக்கு வெளியே. நோயாளிகளை ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தது தொற்றுக்கு வண்டி கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

இன்னொரு இடம் உண்டு. அதை ஊழியர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்: சாப்பாட்டு அறை. ஆறு மணி நேரம் பிபிஇ கிட்டுக்குள் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் போகாமல் நிற்கிறார் ஒரு நர்ஸ். கண்ணாடியில் மூச்சு பனித்து, கையுறைக்குள் வியர்வை தேங்கி நிற்கிறது. கழற்றுவதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது: முதலில் கையுறை, அப்புறம் அங்கி, கை கழுவு, கண்ணாடி, மறுபடி கை கழுவு, மாஸ்க் கடைசியில், அதுவும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு, முன்பக்கம் தொடாமல் பின்னால் நாடாவைப் பிடித்து. களைத்துப் போனவருக்கு இந்த வரிசையில் ஒன்று தப்பினால் போதும். தப்பவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது என்ன? ஜன்னல் இல்லாத சின்ன அறையில் நாலு பேர் உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறப்பார்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு யாரும் சாப்பிட முடியாது. நோயாளியிடம் காட்டும் எச்சரிக்கையை நண்பரிடம் காட்டவும் மாட்டோம். இத்தனை நேரம் பேசாமல் இருந்த நாலு பேரும் அப்போதுதான் பேசுவார்கள்.

பாதுகாப்பு உடை வேலை செய்யுமா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். செய்யும். குவாங்டாங் மாகாணத்திலிருந்து வூஹானுக்கு அனுப்பப்பட்ட 420 டாக்டர்களையும் நர்ஸ்களையும் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு இருக்கிறது. ஆறிலிருந்து எட்டு வாரம் கோவிட் நோயாளிகளோடு வேலை பார்த்தார்கள். தொண்டையில் குழாய் இறக்கும் வேலையும் செய்தார்கள். திரும்பியபோது 420 பேரில் ஒருவருக்கும் தொற்று இல்லை. வைரஸும் இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. இதே வூஹானில்தான் ஜனவரியில் ஊழியர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். ஊரும் அதே, வைரஸும் அதே. மாறியது என்ன? எல்லா நோயாளிக்கும் கோவிட் என்று தெரியும், முழு உடுப்பு எல்லாருக்கும் கிடைத்தது, கழற்றப் பயிற்சி கொடுத்தார்கள். தங்கியதும் வீட்டில் இல்லை. அதை மறந்துவிடக் கூடாது.

மாஸ்க்கின் தரம் பற்றி கேம்பிரிட்ஜில் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் ஒரு நல்ல பாடம் கிடைத்தது. 2020 கடைசி வரை அங்கே கோவிட் வார்டு ஊழியர்களுக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க்தான். மற்ற வார்டு ஊழியர்களைவிட அவர்களிடம் தொற்று மிக அதிகமாக வந்துகொண்டிருந்தது. டிசம்பரில் அவர்களுக்கு என்95ஐவிட ஒரு படி மேலான எஃப்எஃப்பி3 கொடுத்தார்கள். அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. காற்றில் பரவுகிறதா, தும்மல் துளியில் பரவுகிறதா என்று பெரிய இடங்களில் மாதக்கணக்கில் வாதம் நடந்தபோது, ஒரு மாஸ்க்கை மாற்றிப் பார்த்தே விடை கண்டிருக்கலாம்.

பிறகு தடுப்பூசி வந்தது. இதில் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் கணக்கு நமக்கு மிக அருகிலும் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. 2021 ஜனவரி 21 முதல் ஏப்ரல் கடைசி வரை அங்குள்ள பத்தாயிரத்துச் சொச்சம் ஊழியர்களில் 8,991 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள், பெரும்பாலோர் கோவிஷீல்டு. அப்போதுதான் டெல்டா அலை வந்து அடித்தது. ஊசியே போடாத 1,609 பேரில் 438 பேருக்குத் தொற்று, 27.2 சதவீதம். இரண்டு டோஸும் போட்ட 7,080 பேரில் 679 பேருக்கு, 9.6 சதவீதம். தொற்றே வராமல் தடுத்தது 65 சதவீதம்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் சேரும் நிலையைத் தடுத்தது 77, ஆக்சிஜன் தேவைப்படாமல் தடுத்தது 92, ஐசியூ போகாமல் தடுத்தது 94. 'ஊசி போட்டவருக்கும் வந்துவிட்டதே' என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய செய்தி பொய் இல்லை. 679 பேருக்கு வந்தது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே குணமாகி மறுபடி டூட்டிக்கு வந்தார்கள் என்ற மீதிப் பாதி அதில் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. 2021 ஜூன், ஜூலையில் எடுத்த ஐசிஎம்ஆரின் நான்காவது ஆய்வில் மருத்துவ ஊழியர்களில் 85.2 சதவீதம் பேரிடம் ஆன்டிபாடி என்று வந்தது. பொதுமக்களிடம் 67.6. இதைப் பிடித்துக்கொண்டு 'ஊழியர்களில் 85 சதவீதம் பேருக்குக் கொரோனா' என்று எழுதியவர்களும் உண்டு. அந்த நேரத்தில் பெரும்பாலான ஊழியர்கள் ஊசி போட்டிருந்தார்கள். ஊசியும் ஆன்டிபாடியைக் கொடுக்கும். 25.6 என்ற ஜனவரிக் கணக்கு தொற்றைச் சொல்கிறது. 85.2 என்பது தொற்றும் ஊசியும் கலந்த சாம்பார்.

ஓமைக்ரான் வந்தபோது இந்தப் பிரச்சினையே உருமாறியது. உயிருக்கு ஆபத்து குறைந்தது, ஆனால் டூட்டி அட்டவணையில் பல பெயர்கள் ஒரே நேரத்தில் காணாமல் போயின. 2022 ஜனவரியில் லண்டன் மருத்துவமனைகளுக்கு ராணுவத்திலிருந்து 200 பேரை அனுப்பி நிலைமையைச் சமாளிக்க வேண்டியிருந்தது.

இறந்தவர்களை எண்ணுவதில் வந்த குழப்பம் இவை எல்லாவற்றையும் விடப் பெரியது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் 80,000 முதல் 1,80,000 மருத்துவ ஊழியர்கள் கோவிட்டால் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு; நடுவில் 1,15,500. நாடுகள் அந்த நிறுவனத்துக்கு முறையாகத் தெரிவித்த மரணங்களோ ஏழாயிரத்துக்கும் குறைவு. நம் நாட்டில், 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, சுகாதாரம் மாநில விஷயம், மத்தியில் கணக்கு இல்லை என்று பதில் வந்தது. கோபமடைந்த இந்திய மருத்துவச் சங்கம் இறந்த 382 டாக்டர்களின் பட்டியலை வெளியிட்டது. 2021 பிப்ரவரியில் அரசிடமிருந்து ஒரு கணக்கு வந்தது: 162 டாக்டர்கள், 107 நர்ஸ்கள், 44 ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளர்கள். டாக்டர்கள் மட்டுமே எழுநூறுக்கும் மேல் என்றது சங்கம்.

டாக்டர்களுக்காவது பட்டியல் எடுக்க ஒரு சங்கம் இருந்தது. அரசு சொன்ன கணக்கில் டாக்டர், நர்ஸ், ஆஷா என்ற மூன்று வகை இருக்கிறது. பர்மிங்காம் அட்டவணையில் முதல் வரியில் நின்றவர்களுக்கு அதில் வரி இல்லை. நம் ஊர்களில் பல ஆஸ்பத்திரிகளில் துப்புரவு, காவல், உணவு எல்லாம் ஒப்பந்தக்காரரிடம். அப்படி வேலைக்கு வரும் ஒரு பெண் தினமும் கேஷுவாலிட்டியைத் துடைத்தாலும் ஆஸ்பத்திரி ஊழியர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்காது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் டெஸ்ட், அதை வைத்துத்தான் என்95, சில இடங்களில் ஊசியின் வரிசையும்.

2020 மார்ச் 26 அன்று மத்திய அரசு மருத்துவப் பணியாளர்களுக்கு 50 லட்ச ரூபாய் காப்பீடு அறிவித்தது. அதில் ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்தார்கள். நல்ல விஷயம், பாராட்ட வேண்டும். ஆனால் பணம் கேட்டுப் போன குடும்பம் ஒரு சான்றிதழ் கொண்டுபோக வேண்டியிருந்தது. இறந்தவர் கோவிட் நோயாளிகளின் பராமரிப்புக்காகப் பணியமர்த்தப்பட்டிருந்தார், அவர்களோடு நேரடித் தொடர்புக்கு வந்திருக்கலாம் என்று மருத்துவமனை எழுதித் தர வேண்டியிருந்தது. ஐசியூ டாக்டருக்கு அது ஒரு கையெழுத்து வேலை. எலும்பு முறிவு வார்டின் வராண்டாவைத் துடைத்தவருக்கு, அங்கே படுத்திருந்த யாருக்குக் கோவிட் இருந்தது என்பது அந்த வார்டின் டாக்டருக்கே அன்றைக்குத் தெரியாது.